வண்ணத்தில் ஒரு நரி, கறுப்பு வெள்ளையில் ஒரு நரி

சேலத்தில், சூரமங்கலம் ஸ்டேஷனில் இறங்கியதும் ஒருவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களைக் கும்பிட்டார். கொழும்பில் எங்களுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை. என் கணவர் நெஞ்சை நிமிர்த்திப் பதில் கும்பிடு போட்டார். கும்பிட்டவர் பக்கத்தில் வந்து, "எங்க காட்டுக்கு எப்பங்க வர்றீங்க? கெழக்கால இருக்கற கல்ல பங்காளி தள்ளி நட்டுப்போட்டானுங்க" என்றார்.

காமிராவின் முக்காலியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தவரை, நிலம் அளக்க வந்த சர்வேயர் என்று நினைத்துவிட்டார் அந்த மனிதர். இல்லை, நாங்கள் போட்டோ பிடிக்கிறவர்கள் என்று சொன்னதும் துண்டு மறுபடி தோளுக்குப் போய்விட்டது.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். ஸ்டூடியோவுக்கு என் கணவரின் பெயர்தான். அதனால் அதை நான் வாயால் சொல்வதில்லை. யாராவது கேட்டால் பெயர்ப் பலகையைக் காட்டுவேன். இவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். நான் இருட்டறைக்குள் இருந்தால் அதுகூடக் கிடையாது, கதவில் இரண்டு தட்டு. வெளியே நின்று படம் எடுப்பது இவர். உள்ளே நின்று அதைக் கழுவி, உலர்த்தி, அச்சுப் போட்டு, மனுஷ முகமாக வெளியே அனுப்புவது நான். படத்தின் மூலையில் இவர் பெயர் போகும்.

நாங்கள் கடல் தாண்டி வந்த காரியம் ஒரு நரி. எங்கள் வாடிக்கைக்காரரான தேயிலை வியாபாரி ஒருவர் சேலத்துக்குக் கிழக்கே பிறந்தவர். அந்தப் பக்கத்தில் சில ஊர்களில் பொங்கல் கழிந்ததும் வலை கட்டி ஒரு நரியைப் பிடித்து, மேளதாளத்தோடு ஊருக்குக் காட்டிவிட்டு, பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்களாம். அந்த நரி முகத்தில் விழித்தால் வருஷம் முழுக்க நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. "என் காலண்டரை மாட்டுகிறவர்கள் தினமும் நரி முகத்தில் விழிக்க வேண்டும். அப்படி ஒரு படம் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

அப்போதுதான் வண்ணப் பிலிம் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. எங்கிருந்தோ ஒரே ஒரு சுருள் தேடிப் பிடித்து வாங்கிவிட்டார் இவர். அன்றிலிருந்து கறுப்பு வெள்ளை என்றாலே அவருக்கு இளக்காரம். "இனிமேல் கறுப்பு வெள்ளை துக்க வீட்டுக்குத்தான்" என்று கப்பலில் பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. முகம் என்பது நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது என்று நான் சொல்ல, வாக்குவாதம் முற்றிவிட்டது.

"சரி, நீயும் ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள் எடு. அந்த மடக்குக் காமிரா உன்னிடமே இருக்கட்டும். எது நல்லது என்று பார்க்கிறவர்கள் சொல்லட்டும். உன்னுடையது ஜெயித்தால் காலண்டரில் உன் பெயர்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. எத்தனையோ பேருடைய முகங்கள் என் கையில் பிறந்திருக்கின்றன. ஒன்றின் மூலையிலாவது என் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ராசிபுரத்துக்குப் போகும் பஸ் நிறைந்தால்தான் புறப்படும். நிறைந்தது என்று நான் நினைத்தபிறகும் இரண்டு ஆடுகள் ஏறின. மேச்சேரி ஆடுகள், செம்மண்ணைப் பூசிவிட்டாற்போல் இருந்தன. இவர் என் விலாவில் இடித்து, "பார், இதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சாம்பல் மூட்டை மாதிரி இருக்கும்" என்றார். ஒரு ஆடு இவருடைய வேட்டி நுனியைத் தின்ன ஆரம்பித்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பாதி வழியில் இஞ்சினிலிருந்து புகை வந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "கிணத்துல தண்ணி மொண்டுட்டு வாங்க சாமி, வண்டிக்குத் தாகம்" என்றார். கொழும்பில் பஸ் நின்றால் ஜனங்கள் கண்டக்டரோடு சண்டை போடுவார்கள். இங்கே ஆளுக்கொரு பாத்திரத்தோடு கிணற்றடிக்குப் போய், தாங்களும் குடித்து, ஆட்டுக்கும் காட்டி, மிச்சத்தை வண்டிக்கு ஊற்றினார்கள். எங்கே பார்த்தாலும் மரமில்லாத வெளி. தூரத்தில் மட்டும் மலை. மழையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் காய்ந்த வெளிச்சம் பிடித்திருந்தது. எந்தப் பொருளின் ஓரமும் மங்கவில்லை. கறுப்பு வெள்ளைக்கென்றே கடவுள் செய்த ஊர் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

ராசிபுரத்தில் என் நாத்தனார் வீடு. இவருக்கு அக்கா. பட்டு நெசவுக் குடும்பம். கல்யாணத்துக்கு அப்புறம் நான் அவரைப் பார்ப்பது இதுதான் இரண்டாவது தடவை. வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா கண்ணு. ஊட்டுக்குள்ள வா. இப்பிடி எளைச்சுப் போயிருக்கிறயே, அந்தச் சீமையில சோறு போடறாங்களா இல்லியா?"

சோறு பற்றிய அந்தக் கேள்விக்குப் பதில் அவரே சமைத்தார். அன்றைக்குச் சந்தகை. எங்கள் ஊர் இடியப்பத்துக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. நாங்கள் மாவைப் பிழிந்து வேக வைப்போம். இவர்கள் வேகவைத்த உருண்டையைப் பிழிகிறார்கள். பிழிகிற மரத்துக்கு மூன்று கால்கள். இவருடைய முக்காலியின் பெரியப்பா என்று சொல்லலாம். அதன் கைப்பிடியில் இவர் முழு எடையோடு தொங்க வேண்டியிருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு தட்டு, எள்ளுப்பொடி தூவி இன்னொரு தட்டு, அப்புறம் ராசிபுரத்து நெய்யை ஊற்றி ஒன்று. மூன்றாவது தட்டில் கொழும்பு இடியப்பம் தோற்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பாடு முடிந்ததும் நான் பெட்டியைத் திறந்து படம் கழுவும் மருந்துகளை எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஹைப்போப் பொட்டலத்தைக் காணோம். படத்தை நிலைக்க வைக்கிற உப்பு அது. பார்க்க அசல் கல்கண்டு. நாத்தனார் அதைச் சமையற்கட்டில் ஏலக்காய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"பொங்கலுக்குப் போடலாம்னு எடுத்து வெச்சேன். நீதான் கொண்டாந்தயோன்னு இருந்தேன்" என்றார்.

"அக்கா, அதைத் தின்றால் அடுத்த பொங்கல் நமக்கு இல்லை" என்றேன். அவர் பொட்டலத்தை இடுக்கியால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

இருட்டறைக்கு இடம் கேட்டபோது அவரே வழி காட்டினார். பொங்கலுக்காகத் தறி ஓடவில்லை. தறி அறைக்கு ஒரு சிறிய ஜன்னல்தான். அதையும் கம்பளியால் அடைத்துவிட்டால் கும்மிருட்டு. நெய்கிறவர் காலை இறக்கி உட்காரத் தரையில் ஒரு குழி வெட்டியிருந்தார்கள். அந்தக் குழிக்குள் எப்போதும் குளிர்ச்சி. எங்கள் மருந்துகளுக்குச் சூடு ஆகாது. சூட்டில் பிலிமின் மேல்பூச்சு இளகிவிடும். குழிக்குள் தட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். கொழும்பில் ஐஸ் வாங்கிப் போட்டும் கிடைக்காத குளிர்ச்சி அங்கே சும்மா கிடைத்தது.

பொங்கல் முடிந்து, நரி பிடிக்கும் ஊருக்குப் போனோம். அது வாழப்பாடிக்கு அப்பால். கொஞ்சம் பஸ், அப்புறம் மாட்டுவண்டி. கிழக்கே போகப் போகப் பேச்சில் கொங்குக்காரர்களின் 'ங்க' குறைந்துகொண்டே வந்தது. வியாபாரி சொல்லி அனுப்பியிருந்ததால் ஊர்க்கவுண்டர் எங்களை எதிர்பார்த்திருந்தார். பருத்த உடம்பு, மெல்லிய குரல். எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"படம் புடிங்க, வேணாங்கல. ஆனா நரி மூஞ்சிய மொதல்ல எங்க ஊருக்குக் காட்டிட்டுத்தான் கப்பல்ல ஏத்தணும். எங்க ஊரு அதிர்ஷ்டம் எங்களுக்குத் தெரியாம கடல் தாண்டக் கூடாது."

இவர் உடனே ஒப்புக்கொண்டார். "அப்படியே ஆகட்டும். எங்களிடம் இரண்டு விதம் இருக்கிறது. எது நல்லது என்று உங்கள் ஊரே சொல்லிவிடட்டும்" என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அதாவது எங்கள் பந்தயத்துக்கு நீதிபதி கிடைத்துவிட்டார். நான் தலையாட்டினேன். ஆனால் வண்ணத்தைக் கண்டால் யார்தான் மயங்கமாட்டார்கள்?

மறுநாள் நரியைக் கொண்டு வந்தார்கள். வங்கா நரி என்று அதற்கு அங்கே பெயர். நான் பெரிதாக எதையோ நினைத்திருந்தேன். அது பூனைக்கும் நாய்க்கும் நடுவில் ஓர் உருவம். காய்ந்த புல்லின் நிறம். வால் நுனி மட்டும் கறுப்பு. வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். கழுத்தில் மஞ்சள் தோய்த்த கயிறு, ஒரு செவ்வந்தி மாலை. தப்பட்டைச் சத்தத்தில் அதன் காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னேன்.

"சாயங்காலம் வுட்டுருவாங்க. அதுக்கு ஒரு கீறல் பட்டாலும் ஊருக்கு ஆகாது. பாருங்க, எப்படி ஏந்தறாங்கன்னு" என்றாள் அவள். உண்மைதான். கைக்குழந்தையைத் தூக்குவது போலத்தான் தூக்கினார்கள்.

வண்ணப் பிலிமுக்கு வெயிலும் நிறைய வேண்டும், பொருளும் அசையக் கூடாது. அதற்கு இந்தச் சமயம்தான் தோது. கோயில் வாசலில் நரியை இறக்கி வைத்தார்கள். இவர் முக்காலியை ஊன்றி, எல்லோரையும் மூச்சுக்கூட விடவேண்டாம் என்று அதட்டி, சுருள் முழுவதையும் அங்கேயே தீர்த்தார். தப்பட்டை அடிக்கிறவர் சிவப்புத் தலைப்பாகையோடு ஒவ்வொரு படத்திலும் வந்து நின்றார். நகரச் சொன்னால் நகர்ந்து, அடுத்த படத்துக்குத் திரும்பி வந்தார்.

என் சுருளில் நான் ஒன்றுகூட எடுக்கவில்லை. கட்டிப்போட்ட வாய் எனக்கு முகமாகத் தோன்றவில்லை. அவிழ்த்துவிடும்போது எடுக்கலாம் என்று போனால், ஆண்கள் என்னைக் கிட்டே விடவில்லை. "பொம்பளைங்க எல்லாம் அந்த வரப்புமேல நில்லுங்க" என்று விரட்டினார்கள். சோளம் அறுத்த காட்டின் மறுகோடியில் பெண்களோடு நிற்க வேண்டியதாயிற்று. இவர் ஆண்கள் பக்கத்திலிருந்து, காலியான காமிராவைத் தட்டிக் காட்டி, வேலை முடிந்துவிட்டது என்பதுபோல் கையசைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

வாயை அவிழ்த்தார்கள். கயிற்றையும் மாலையையும் எடுத்தார்கள். ஆண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நரி எங்கே ஓடும்? கூச்சலில்லாத பக்கம் ஓடும். அந்தப் பக்கம் நாங்கள்தான் நின்றோம்.

பெண்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். நான் காமிராவுக்குப் பின்னால் இருந்ததால் எனக்குப் பயம் வரவில்லை. காமிராவுக்குப் பின்னால் நிற்கும்போது எனக்கு எதுவுமே நேராது என்று எப்போதும் ஒரு எண்ணம். நான்கைந்து முழத்துக்கு அப்பால் அது சட்டென்று நின்றது. சாய்ந்த வெயில் ஒரு பக்கம் விழுந்தது. காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. வழியில் நிற்கிற இது என்ன என்று நேராக என்னைப் பார்த்தது. விசையை அழுத்தினேன். அடுத்த விநாடி அங்கே வெறும் சோளத்தட்டைதான் இருந்தது.

ராசிபுரம் திரும்பும்வரை நான் காமிராவை மடியிலிருந்து இறக்கவில்லை. ஒரே ஒரு படம். அது சரியாக வந்திருக்கிறதா என்று கழுவினால்தான் தெரியும்.

தறி அறையில் இவருடைய சுருளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். அதைக் கெடுத்து ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை. வண்ணப் பிலிமைக் கழுவுவது எங்கள் வழக்கமான வேலை மாதிரி இல்லை. முதல் மருந்தில் உருவம் தலைகீழாக வரும். வெளிச்சம் இருக்கும் இடம் கறுப்பாக, நிழல் வெளுப்பாக. சாதாரணப் பிலிமில் அத்தோடு நிறுத்தி, அதிலிருந்து காகிதத்தில் அச்சுப் போடுவோம். இதில் அப்படி நிறுத்தக் கூடாது. வந்த உருவத்தை இன்னொரு கரைசலில் போட்டு அரித்து எடுத்துவிட வேண்டும். பிறகு பிலிமுக்கு நன்றாக வெளிச்சம் காட்டி, மறுபடி மருந்தில் போட்டால், மிஞ்சியிருந்தது நேரான உருவமாக எழுந்து வரும். காகிதமே வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பிலிமே படம்.

தூக்கிப் பிடித்தேன். மஞ்சள் கயிறு மஞ்சளாக இருந்தது. செவ்வந்தி செவ்வந்தியாக இருந்தது. அந்தத் தலைப்பாகையின் சிவப்பு! நான் எத்தனையோ வருஷமாகச் சாம்பலில் குளித்து எழுந்தவள். என் கையாலேயே ஒரு மஞ்சள் பிறந்ததைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. இவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சின்னப் பையன் மாதிரி முற்றத்தைச் சுற்றி வந்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"நரி எங்கே?"

நடுவில்தான் இருந்தது. மண் நிறத் தரையில் மண் நிற நரி. கயிறும் மாலையும் கண்ணில் பட்ட பிறகுதான் நரி தட்டுப்பட்டது. "இதோ இருக்கிறதே, உற்றுப் பார்த்தால் தெரிகிறது" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மிச்சமிருந்த கரைசல்களை நான் கொட்டவில்லை. எதையும் கொட்ட மனம் வராது எனக்கு. இவர் இதைச் சொல்லிக் கேலி செய்வது வழக்கம். கதவைச் சாத்தி, கம்பளியை இழுத்துவிட்டு, என் சுருளை முதல் மருந்தில் போட்டேன். இருட்டில் இரண்டு கையாலும் அதை மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரந்தான், முடிந்துவிடும்.

அப்போது கதவு திறந்தது. நாத்தனார் குத்துவிளக்கோடு உள்ளே வந்தார். தலையில் பூ, நெற்றியில் புதுக் குங்குமம். எனக்கு எதிரே, தறிக்கட்டையின்மேல் விளக்கை வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"வெளக்கு வெக்கற நேரத்துல தறிக்குழி இருட்டா இருந்தா ஊட்டுக்கு ஆகாது சாமி. நீயும் ஒரு கும்புடு போட்டுக்க" என்றார்.

அந்த வீட்டில் ஒரு நாளும் தவறாத வழக்கம் அது. மருந்தைப் பற்றிச் சொன்ன நான், விளக்கைப் பற்றிச் சொல்லத் தோன்றாமல் இருந்துவிட்டேன். கை மட்டும் தானாக வேலை செய்தது. பிலிமை மருந்திலிருந்து உருவி, பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியது. மனசு அப்படியே நின்றுவிட்டது. பாதி கழுவிய பிலிமில் வெளிச்சம் பட்டால் முழுவதும் கறுத்துப் போகும். அந்த நரி எனக்காக நின்ற ஒரு விநாடி போய்விட்டது என்று நினைத்தேன்.

இவர் எட்டிப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "அடடா. போகட்டும் விடு, வண்ணத்தில் ஒன்று தேறியிருக்கிறதே" என்றார். ஆறுதல்தான் சொன்னார். ஆனால் அந்த ஆறுதலில், ஜெயித்துவிட்ட சந்தோஷம் ஒரு சிட்டிகை சர்க்கரையாகக் கலந்திருந்தது.

அந்தச் சர்க்கரைதான் என்னை உலுக்கியது. வண்ணத்தில் ஒன்று தேறியது. எப்படித் தேறியது? நடுவில் நானே அதற்கு வெளிச்சம் காட்டினேனே. முதல் உருவத்தை அரித்து எடுத்துவிட்டால், வெளிச்சம் பட்ட மிச்சம் நேரான உருவமாக வரும். என் பிலிமிலும் முதல் உருவம் அநேகமாக வந்து முடிந்திருந்தது. வெளிச்சத்தை நாத்தனார் காட்டிவிட்டார். எனக்குப் பாக்கி இருந்தது அரிக்கிற கரைசல். அதை நான் கொட்டவில்லை.

"போய்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்றேன் இவரிடம். "நிறைய."

என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சுப் பேசாமல் போனார். குடம் குடமாக இறைத்துக் கொண்டுவந்து ஊற்றினார். நான் பிலிமை அலசி, அரிக்கிற கரைசலில் விட்டேன். உருவம் கரைந்து, பால் மாதிரி வெளுத்தது. அதை விளக்குக்குப் பக்கத்திலேயே நன்றாகக் காட்டினேன். பிறகு மருந்தில் போட்டேன். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை; ஏதோ முக்கியமானது நடக்கிறது என்று மட்டும் தெரிந்து, விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

முதலில் காதுகள் வந்தன. அப்புறம் மூக்கு நுனி. அப்புறம் கண்கள், இரண்டிலும் ஒரு பொட்டு வெயில். ஒரு பக்க மீசை தனித்தனியாக எண்ணுகிற மாதிரி இருந்தது. பின்னால் இருந்த சோளக்காடு மங்கி விலகிக்கொண்டது.

"அட, இது என்னயப் பாக்குது கண்ணு" என்றார் நாத்தனார். இவர் குடத்தை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்து குனிந்து பார்த்தார்.

பிலிம் உலர்ந்ததும் இன்னொரு வேலை செய்தேன். ஒன்றே ஒன்று இருக்கும் பொருளை நம்பிப் பஸ்ஸில் ஏறக் கூடாது. மருந்து பூசிய ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் அதை வைத்து, "அக்கா, இப்போது வந்து விளக்கைக் காட்டுங்கள்" என்று கூப்பிட்டேன். முறைப்படி கேட்டு அழைத்ததில் அவருக்குப் பெருமை. காட்டினார். அச்சுப் போடுவதற்கு ஒரு பிரதி என் பெட்டிக்குள் பத்திரமாகப் போயிற்று.

ஊர்க்கவுண்டரிடம் இரண்டு படங்களையும் கொண்டுபோனோம். சீட்டுக்கட்டுச் சீட்டைவிடக் கொஞ்சம் பெரியவை; கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, ஓரம் கட்டியிருந்தேன். வெளிச்சத்துக்கு எதிரே வைத்தால்தான் தெரியும் என்று கேட்டதும் கவுண்டர் முகம் மலர்ந்தது. ஊர்ச் சாவடிக்குக் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது.

"காலையில பொழுது அதுக்குள்ள பூந்துதான் வரும். எல்லாரும் மொத முழிப்பே இதுலதான் முழிக்கணும்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியலில் நான் கண்ட காட்சியை எந்தப் பிலிமிலும் எடுக்கவில்லையே என்று இன்றைக்கும் வருத்தம். ஊர் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தது. புருஷன் தோளைப் பெண்டாட்டி பிடித்துக்கொண்டு, அவள் முந்தானையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு, வேறு எதிலும் விழித்துவிடக் கூடாது என்று இறுக மூடிய கண்களோடு சாவடிக்குள் வந்தார்கள். ஒருவர் தூணில் முட்டிக்கொண்டு அதற்குக் கும்பிடு போட்டார். நான் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, "இப்போது திறங்கள்" என்றேன். இடது பக்கம் வண்ணம், வலது பக்கம் என்னுடையது. பின்னால் சூரியன்.

இவர் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மஞ்சளைப் பாருங்கள், அசல் மஞ்சள்" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்த்தார்கள். வாயைப் பிளந்தார்கள். தப்பட்டைக்காரர் வண்ணப் படத்தைவிட்டு நகரவே இல்லை. "என் தலப்பா செவப்பாவே இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு ஓட்டுப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மற்றவர்கள் வண்ணத்தைப் பார்த்துவிட்டு வலப்பக்கம் வந்ததும் பேச்சு நின்றது. அன்று வரப்பில் என் பக்கத்தில் நின்ற பெண், நரியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த நரி தரையப் பாக்குது. இது என்னப் பாக்குது" என்றாள்.

கவுண்டர் இரண்டு படங்களுக்கும் நடுவில் வந்து நின்றார். நிதானமாக இடமும் வலமும் திரும்பினார். "அதுல கயிறு அழகா இருக்குது, மாலை அழகா இருக்குது. எல்லாம் நாம போட்டது. இதுல நரி இருக்குது. நரி மூஞ்சில நாம முழிச்சா மட்டும் பத்தாது, அதுவும் நம்மளப் பாக்கணும். இது இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

சுற்றிலும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான் ஜெயித்துவிட்டேன். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் படத்தை ஜன்னலிலேயே விட்டேன். பெட்டியில் பிரதி இருக்கும்போது தாராளத்துக்கு என்ன குறைச்சல்?

"இதப் புடிச்சது யாரு? பேரு சொல்லுங்க, கீழ எழுதி வெக்கணும்" என்றார் கவுண்டர். எல்லோரும் முக்காலியோடு நின்ற இவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பந்தயம் எங்கள் இருவருக்குள் இருந்தது. இங்கே ஒரு ஊரே நின்றது. ஸ்டூடியோவின் பெயரைச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மரகதம்" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. "மரகதம்னா யாரு?" என்று கவுண்டர் கேட்டார்.

"என் சம்சாரம். இவள்தான். எடுத்ததும் இவள், கழுவியதும் இவள். காலண்டரிலும் இந்தப் பெயர்தான் வரும்."

கல்யாணப் பந்தலில்கூட அந்தப் பெயர் இவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அங்கே, கண்ணைத் திறந்த ஒரு ஊருக்கு முன்னால் கேட்டேன். ஒருவர் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு வந்து ஜன்னலுக்குக் கீழே எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிக்கிறவரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மாட்டுவண்டி புறப்படத் தயாராக நின்றது. இவர் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, பழக்கதோஷத்தில், "இந்தா" என்றார். நான் காதில் வாங்காத மாதிரி வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது தடவை சரியாகக் கூப்பிட்டார். ஏறிக்கொண்டேன்.